மேனேஜர் ஜாபர் அலியின் மனைவி

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். குச்சி அடுக்குகிறவளும் ஆபீஸுக்குப் போகிறாள், மருந்து அரைக்கிறவனும் ஆபீஸுக்குப் போகிறான். இது தெரியாமல்தான் புதியம்புத்தூரில் ஒரு தையல்காரர் வீட்டில் பிறந்த பதருன்னிசா, மாப்பிள்ளை ஆபீஸில் வேலை பார்க்கிறார் என்ற ஒரே சொல்லை நம்பி, மேஜை, நாற்காலி, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி எல்லாவற்றையும் மனத்துக்குள் போட்டு வைத்துக்கொண்டு இந்த ஊரில் வந்து இறங்கினாள்.

கல்யாணம் முடிந்து முதல் நாள் வேலைக்குப் போய்த் திரும்பிய ஜாபர் அலியின் விரலிடுக்கெல்லாம் சிவப்புச் சாயம். சட்டையில் கந்தக வாடை. பதருன்னிசா வாசல்படியிலேயே திகைத்து நின்றாள்.

“ஆபீஸ்னு சொன்னாவ?”

“ஆபீஸ்தான். மருந்து ரூம் ஆபீஸு. உங்க ஊருல நாலு மெஷின் போட்டுத் தைக்கிற இடத்தக் கம்பெனிங்கீயல்லா? அது மாதிரி இது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே அவர்கள் குடித்தனம் நடந்தது. தீப்பெட்டிக் குச்சியின் தலையில் ஒட்டுகிற மருந்தை அரைத்துக் கலக்குவதுதான் ஜாபர் அலியின் வேலை. கல்யாணத்தின்போதும் அதுதான், தாடியில் நரை விழுந்த பிறகும் அதுதான். பழைய முதலாளி போய் அவர் மகன் சுடலைக்குமார் முதலாளி ஆனார். கையால் அடுக்கிய காலம் போய் மெஷின் வந்தது. லாரிகள் பெரிதாயின. ஜாபர் அலி மட்டும் அதே மருந்து ரூமில், அதே கூலியையும் எப்போதாவது கூட்டிப் போட்ட கொஞ்சத்தையும் வாங்கிக்கொண்டு இருந்தார். ஆபீஸில் அவரைப் பேர் சொல்லி அழைத்தவர்கள் இல்லை. சின்னப் பிள்ளை முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘பாய்’.

பதருன்னிசா வீட்டில் நைட்டி தைத்தாள். புதியம்புத்தூரில் அண்ணன் துணியை வெட்டிக் கட்டாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றி விடுவார். தைத்து முடித்ததை அவள் அதே பஸ்ஸில் திருப்பி ஏற்றுவாள். ஒரே மகள் ஷாஹினா, காலேஜில் படிக்கிறாள். பதருன்னிசா ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ஆசை இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போனால் அங்கே பெண்கள், “உங்க வீட்டுக்காரவிய என்னவா இருக்காவ?” என்று கேட்பார்கள். அண்ணன் மனைவி ‘கம்பெனி வச்சிருக்காவ’ என்பாள். மாமன் மகள் ‘ஜவுளிக்கடை’ என்பாள். பதருன்னிசா ‘ஆபீஸ்ல’ என்று சொல்லி, அடுத்த கேள்வி வருமுன் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள்.

அந்த ஒரு ஆசையை வைத்தே அவளைக் கவிழ்த்தார்கள்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் அது. வடக்கே போகிற சரக்குக்கு இரவு பகலாக வேலை. ஜாபர் அலி காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஷாஹினாவின் தலையில் கையை வைத்து எடுத்துவிட்டு, சைக்கிளில் போனார். ஷாஹினா காலேஜ் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் புகை எழும்பியது. இந்த ஊரில் புகையைப் பார்த்தால் பெண்கள் கேள்வி கேட்பதில்லை. செருப்பைப் போடாமல் ஓடத்தான் தெரியும்.

மருந்து ரூமில் தீ. உள்ளே இருந்தவர்கள் இரண்டு பேர். ஜாபர் அலியும், தரையில் சிந்திய மருந்தைக் கூட்டி அள்ளுகிற பாண்டிச்செல்வியும். முன்வாசல் பக்கம் தீ பிடித்ததால் இருவரும் பின்கதவுக்கு ஓடியிருக்கிறார்கள். பின்கதவு பூட்டிக் கிடந்தது. அந்தக் கதவுக்கு உள்பக்கம் இரண்டு பேரையும் ஒன்றாக எடுத்தார்கள். அதற்கு மேல் சொல்ல எழுதுகிறவளுக்கும் தெம்பில்லை, கேட்ட பதருன்னிசாவுக்கும் தெம்பில்லை.

ஜனாஸா தொழுகை முடிந்து அடக்கம் செய்கிற வரை எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தவன் செண்பகராஜ். ஆபீஸ் சூப்பர்வைசர். கடம்பூர்ப் பக்கத்துப் பிள்ளை. முதன்முதலாக வேலைக்கு வந்தபோது ஜாபர் அலிதான் அவனுக்குச் சோறு போட்டு, தங்க இடம் பிடித்துக் கொடுத்தார். அவருக்கு அவன் ‘தம்பி’, அவளுக்கும் ‘தம்பி’. அவனுக்கு அவள் ‘மைனி’, அண்ணி. நோன்புப் பெருநாளைக்குப் பிரியாணி வாளி முதலில் போவது அவன் வீட்டுக்குத்தான். பொங்கலுக்கு அவன் வீட்டுக் கரும்பு முதலில் வருவது இவள் வீட்டுக்குத்தான்.

பதருன்னிசா இத்தா இருந்தாள். புருஷன் இறந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல், அன்னிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற நாட்கள் அவை. நடுவீட்டுக்கும் முன்னறைக்கும் இடையே ஒரு பச்சைத் திரையைத் தொங்கவிட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் அவள், தையல் மெஷின், தொழுகைப் பாய். அந்தப் பக்கம் உலகம்.

அந்த உலகத்திலிருந்து வாரம் தவறாமல் வந்தவன் செண்பகராஜ். கடம்பூர் போளி வாங்கி வந்து ஷாஹினா கையில் கொடுப்பான். திரையைப் பார்த்துக்கூடப் பேசமாட்டான், சுவரைப் பார்த்துப் பேசுவான்.

“மைனிய சாப்பிடச் சொல்லு பாப்பா. பாய் இருந்தா இப்படிப் பட்டினி கெடக்க விட்டிருப்பாவளா?”

பதருன்னிசா உள்ளே அழுவாள். கூடப் பிறந்த அண்ணன் இரண்டு முறை வந்து போனதோடு சரி. இந்தப் பிள்ளை எந்த வயிற்றில் பிறந்ததோ, இப்படிப் பார்க்கிறதே என்று உருகுவாள்.

ஒரு நாள் வாசலில் ஜீப் நின்றது. தொழிற்சாலைகளைப் பார்க்கிற அரசாங்க அதிகாரி ஒருவர், கூட ஒரு போலீஸ்காரர். அதற்கு முன்பே செண்பகராஜ் வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் வருவது அவனுக்கு எப்படித் தெரியும் என்று அன்று அவள் நினைக்கவில்லை.

“இறந்தவரோட மனைவிகிட்ட ரெண்டு கேள்வி கேக்கணும்” என்றார் அதிகாரி.

“இத்தாவுல இருக்காவ சார். அன்னிய ஆம்பளைய பாக்கக் கூடாது.”

“பாக்க வேண்டாம். திரைக்குப் பின்னால இருந்தே பதில் சொல்லட்டும்.”

“அதுவும் அவியளுக்குச் சங்கடம் சார். இப்பத்தான் தேறி வாராவ. என்ன கேக்கணுமோ எங்கிட்ட கேளுங்க. நான் இந்த வீட்டுப் பிள்ள மாதிரி. வேணும்னா பாப்பாகிட்ட கேட்டுப் பாருங்க.”

ஷாஹினா தலையை ஆட்டியிருக்கிறாள். பேனா தாளில் ஓடுகிற சத்தம் திரைக்கு உள்ளே கேட்டது.

“ஜாபர் அலி அங்க என்ன வேலை பாத்தார்?”

“மேனேஜர் சார். மருந்து ரூமு முழுக்க அவிய பொறுப்புதான். அவிய சொன்னாத்தான் அங்கன ஒரு துரும்பு அசையும். முதலாளியே ஒரு வேலன்னா பாய்கிட்ட கேட்டுத்தான் செய்வாரு.”

பதருன்னிசா தையல் மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர். வாழ்நாளெல்லாம் பாய், பாய் என்று கூப்பிட்ட வாய், செத்த பிறகு மேனேஜர் என்கிறது. அரசாங்கத்து மனிதர் முன்னால் சொல்கிறது. அந்த மனிதர் அதை எழுதிக்கொள்கிறார். கல்யாண வீடுகளில் அவள் குடிக்கப் போன தண்ணீரெல்லாம் அந்த நிமிடம் கண் வழியாக வந்தது. என் ராசாவுக்கு இந்த மரியாதை உயிரோடு இருக்கும்போது கிடைக்கவில்லையே என்று அழுதாள். அழுகைக்குள்ளே ஒரு குளிர்ச்சியும் இருந்தது. அஸர் தொழுகையில் செண்பகராஜுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுள் வேண்டிக் கையேந்தினாள். பாவி மகள், எதற்கு ஆமீன் சொல்கிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு துக்கம் கேட்க வந்த பெண்களிடம் அவளும் சொல்ல ஆரம்பித்தாள். “அவிய அங்கன மேனேஜரா இருந்தாவ.” சொல்லும்போது குரல் கொஞ்சம் நிமிரும்.

இத்தா முடிந்தது. திரையைக் கழற்றித் துவைத்து மடித்தாள். அந்த வாரத்தில்தான் தங்கச்சாமி வந்தார்.

பாண்டிச்செல்வியின் புருஷன். கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கொஞ்சம் கரிசல் காடு வைத்து உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர். முந்தின நாள் மழை பெய்திருந்தது. செருப்பில் கரிசல் மண் கட்டி கட்டியாக ஒட்டியிருக்க, தெருவில் நின்றே கத்தினார்.

“மேனேஜர் வீடு இதானா? வெளிய வா தாயி. மேனேஜர் பொஞ்சாதியப் பாக்கத்தான் பஸ்ஸேறி வந்திருக்கேன்.”

பதருன்னிசா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். தெரு கூடிவிட்டது.

“அண்ணாச்சி, உள்ள வாங்க.”

“உள்ள வந்து காப்பி குடிக்கவா வந்தேன்? ஒன் புருசன் பின்கதவப் பூட்டிப் போட்டு என் வீட்டுக்காரிய வேக வச்சுட்டான். அவன் மேனேஜராம்ல. அவன் அசால்ட்டுனாலதான் ரெண்டு உயிரு போச்சுன்னு முதலாளி கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்கான். எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, எல்லாம் செத்துப்போன மேனேஜரோட தப்புன்னு எழுதியிருக்கான். செத்தவனப் போயி நான் எங்கன கேக்க? அதான் ஒன்னக் கேக்க வந்தேன்.”

 மேனேஜர் என்ற சொல்லை அவர் காறித் துப்புகிற மாதிரி சொன்னார். அந்தச் சொல்லைத்தானே நான் நெஞ்சில் வைத்துத் தூங்கினேன் என்று பதருன்னிசா நினைத்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

“அவியகிட்ட சாவி இல்லையே அண்ணாச்சி.”

“என்னது?”

“பின்கதவ அடைச்சுப் போட்டிருக்கானுவன்னு அவிய வீட்டுல வந்து புலம்புவாவ. மருந்து களவு போவுதுன்னு முதலாளி பூட்டச் சொல்லிட்டாராம். சாவிய நீங்க வாங்கி வச்சுக்கிட வேண்டியதுதானன்னு கேட்டேன். நான் என்ன மேனேஜரா, எங்கிட்ட குடுக்கதுக்குன்னு சொன்னாவ. இந்த வாயாலதான் கேட்டேன். அவிய வாயாலதான் சொன்னாவ.”

  தங்கச்சாமி அந்த ஈர மண் செருப்போடு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“சாவி... செம்பகராசு இடுப்புல தொங்கும்னு செல்வியும் சொல்லுவா. கூட்டிப் பெருக்கிட்டுக் குப்பைய வெளிய தள்ளணும்னாக்கூட அவனத் தேடிப் போவணும்னு சலிச்சுக்கிடுவா.” அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். “ஆத்தாடி, நான் யாரு வாசல்ல வந்து கத்திட்டு இருக்கேன்.”

அன்று அவர் அவள் வீட்டில் காப்பி குடித்தார். கோர்ட்டில் வந்து சாவியைப் பற்றிச் சொல்வதாகப் பாண்டிச்செல்வி மேல் சத்தியம் செய்துவிட்டுப் போனார்.

பதருன்னிசா மறுநாளே ஷாஹினாவைக் கூட்டிக்கொண்டு செண்பகராஜ் வீட்டுக்குப் போனாள். ஒரு மனது இன்னும், அவன் தெரியாமல் சொல்லியிருப்பான் என்றது. அவன் வீட்டு வாசலில் புது மோட்டார் சைக்கிள் நின்றது. அவன் சட்டைப் பையில் ஆபீஸ் அட்டை தொங்கியது. அதில் அவன் பேருக்குக் கீழே என்ன போட்டிருந்தது என்று ஷாஹினா வாசித்துவிட்டு அம்மா கையை அழுத்தினாள். மேனேஜர்.

“தம்பி, எல்லாரும் என்னென்னமோ சொல்லுதாவ. நீ ஒரு வார்த்த இல்லன்னு சொல்லிரு. நான் போயிருதேன்.”

செண்பகராஜ் அன்றும் சுவரைத்தான் பார்த்தான்.

“மைனி, நான் சொல்லுதத அமைதியாக் கேளுங்க. செத்தவியள யாரும் ஜெயில்ல போடப் போறதில்ல. முதலாளிய உள்ள தூக்கி வச்சா ஆபீஸ மூடிருவான். எத்தன வீட்டுல அடுப்பு அணையும்னு யோசிச்சுப் பாருங்க. பாய் இருந்தாலும் இதத்தான் சொல்லிருப்பாவ. அவிய மனசு அப்படி.”

“சாவி உங்கிட்டதான இருந்துச்சு?”

“முதலாளி சொல்லாம நான் தெறக்க முடியுமா?”

“அப்ப அதச் சொல்லேன் தம்பி. முதலாளி சொல்லித்தான் பூட்டுனேன்னு அத மட்டும் சொல்லு.”

“எனக்கும் ரெண்டு பிள்ளைய இருக்கு மைனி.”

“எனக்கும் ஒண்ணு இருக்கு. அது அத்தா ஒரு பொம்பளையக் கொன்னவருன்னு ஊருல பேசுதத அது வாழ்நாளு பூரா கேக்கணுமா?”

 உள்ளேயிருந்து அவன் மனைவி போளித் தட்டோடு வந்தாள். பதருன்னிசா அந்தத் தட்டைத் தொடவில்லை.

“இத்தாவுல ஒரு தொந்தரவும் வராமப் பாத்துக்கிட்டியே தம்பி. அப்ப எனக்குப் புரியல. என்னைய வெளியே போகாதேன்னுதான் மார்க்கம் சொல்லிச்சு. பேசாதேன்னு அது சொல்லல. அதச் சொன்னது நீதான்.”

படியிறங்கும்போது அவளுக்குக் கால் தடுக்கியது. ‘பாத்து மைனி’ என்று பழக்க தோஷத்தில் அவன் சொன்னதுதான் அவளை உடைத்தது. தெரு முனை வரை அழுகையை அடக்கிக்கொண்டு போய், ஒரு கடலைமிட்டாய்க் கடைக்கு முன்னால், போகிற வருகிறவர்கள் பார்க்க, மகள் தோளில் சாய்ந்து ஓலமிட்டு அழுதாள்.

வழக்கை நடத்தியவர் அரசு வக்கீல் கற்பகம். வேகமாகப் பேசுகிற, அடிக்கடி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிற பெண். அவர் பதருன்னிசாவிடம் ஒளிக்காமல் சொன்னார். ஆலையில் ஒருவர் செத்தால் முதலாளிதான் முதல் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தப்பு வேறொருவருடையது, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று முதலாளி நிரூபித்துவிட்டால், அவர் தப்பித்துக்கொள்ளவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. ஜாபர் அலி மேனேஜர் என்று நின்றுவிட்டால், தீர்ப்பில் குற்றவாளி அவர்தான்.

“தங்கச்சாமி சாவியப் பத்திச் சொல்லணும். நீங்க உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாத்தார்னு சொல்லணும். ரெண்டும் இருந்தா போதும்மா.”

சாட்சி சொல்லும் நாளில் தங்கச்சாமி வந்தார். புதுச் சட்டை. கூட அவருடைய மூத்த மகன் பாண்டிராஜும் வந்திருந்தான். அவன் சட்டைப் பையிலும் ஒரு ஆபீஸ் அட்டை தொங்கியது. அதைப் பார்த்ததுமே பதருன்னிசாவுக்கு விளங்கிவிட்டது. கூண்டில் ஏறிய தங்கச்சாமி அவள் இருந்த பக்கமே திரும்பவில்லை. கற்பகம் கேட்டார்.

“சாவி யாரிடம் இருந்தது என்று உங்கள் மனைவி சொல்லியிருக்கிறாரா?”

“இல்லைங்கம்மா.”

“எதுவுமே சொன்னதில்லையா?”

“அவ ஆபீஸ் விஷயம் வீட்டுல பேச மாட்டா. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா.”

அரசுத் தரப்பு சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று எழுதிக்கொண்டார்கள். சத்தியம் செய்த வாய் அது. இவள் வீட்டுக் காப்பி இறங்கிய தொண்டை அது. பதருன்னிசாவுக்கு அழுகைகூட வரவில்லை. எல்லாக் கதவும் சாத்திக் கிடக்கிற ஒரு அறையில் தன் புருஷன் கடைசியாக எப்படி நின்றிருப்பார் என்பது மட்டும் முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது.

அவளைக் கூப்பிட்டார்கள்.

கற்பகம் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பிறகு முதலாளியின் வக்கீல் எழுந்தார். மதுரையிலிருந்து வந்தவர். குரலில் தேன் தடவியிருந்தது.

“அம்மா, நீங்கள் இத்தாவில் இருந்தபோது அதிகாரி உங்கள் வீட்டுக்கு வந்தார். உங்கள் கணவர் மேனேஜர் என்று உங்கள் வீட்டில் வைத்தே அவரிடம் சொல்லப்பட்டது. நீங்கள் திரைக்குப் பின்னால் இருந்தீர்கள். அது உங்கள் காதில் விழுந்ததா?”

“விழுந்துச்சு.”

“துக்கம் கேட்க வந்தவர்களிடம் நீங்களும் அப்படியே சொல்லியிருக்கிறீர்கள். இல்லையா?”

“சொன்னேன்.”

“அது பொய் என்றால் அப்போதே ஏன் மறுக்கவில்லை?”

 கற்பகம் கண்ணாடியைக் கழற்றினார். செண்பகராஜ் கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். பதருன்னிசா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“சந்தோஷமா இருந்துச்சுய்யா.”

“என்ன?”

“அவியள மேனேஜர்னு ஒருத்தர் சொன்னது எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அவியள அடக்கம் பண்ணக் குடுத்துட்டு உள்ள கெடந்தேன். ஒரு நல்ல வார்த்த காதுல விழுந்துச்சு. அத இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதுல பூட்டு இருக்குன்னு எனக்குத் தெரியாதுய்யா.”

வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். நீதிபதி, அந்த அம்மா பேசட்டும் என்று கையைக் காட்டினார்.

“மேனேஜர்னா எப்படி இருப்பாவன்னு நான் பாத்ததில்ல. ஆனா அவிய முதலாளி ரூமுக்குள்ள செருப்புப் போட்டுப் போனதில்ல. அங்கன நாற்காலியில உக்காந்ததில்ல. லீவு கேக்கணும்னா வாசல்ல நிப்பாவ, முதலாளி போன் பேசி முடிக்கிற வரைக்கும் நிப்பாவ. மழையில காச்சலோடயும் போவாவ, கூலிய வாரக் கடைசியிலதான் வாங்குவாவ. கல்யாண வீட்டுல போயி இத நான் சொன்னதில்ல. என் பிள்ளைகிட்டகூட இந்த வார்த்தைய நான் சொன்னதில்ல.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “அவிய கூலிக்காரருய்யா. என் புருசன் கூலிக்காரரு. தான் வேல பாக்குற ரூமோட கதவத் தெறக்க அவருக்குச் சாவி குடுக்கல. எங்கிட்ட இருந்து அந்த மேனேஜர எடுத்துக்கிடுங்க. அவியளக் கூலிக்காரராவே எனக்குத் திருப்பித் தாங்க.”

ஷாஹினா எழுந்து நின்றுவிட்டாள். உட்காரும்மா என்று யாரும் அவளைச் சொல்லவில்லை.

தீர்ப்பு நாளில் நீதிபதி மெதுவாக வாசித்தார். மனைவி சொன்ன சாட்சியத்தை இந்த நீதிமன்றம் நம்புகிறது, ஜாபர் அலி ஆலையின் தொழிலாளி. பின்கதவைப் பூட்டி வைத்த பொறுப்பு முதலாளியுடையது. இறந்தவர் மீது குற்றத்தைப் போட்டுத் தப்பிக்க எதிரியான முதலாளி எடுத்த முயற்சியை இந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. சுடலைக்குமார் குற்றவாளி.

தொழிலாளி என்ற சொல்லைக் கேட்டதும் பதருன்னிசா மகளின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேனேஜர் தராத நிம்மதியை அது தந்தது. பிறகு தண்டனையை வாசித்தார்கள். அபராதம். அதோடு நீதிமன்றம் கலையும் வரை சிறை.

“சிறைன்னு சொன்னாவளே?” என்று கற்பகத்திடம் கேட்டாள்.

கற்பகம் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “இன்னைக்கு சாயங்காலம் கோர்ட்டு முடியுற வரைக்கும் அவர் இங்கேயே உக்காந்திருக்கணும்மா.”

“அதுக்குப் பொறவு?”

“வீட்டுக்குப் போகலாம். இது போதாதுன்னு மேல்முறையீட்டுக்கு எழுதிப் போடுறேன்.”

“ரெண்டு உயிருக்கு ஒரு சாயங்காலமா?”

 சுடலைக்குமாரின் ஆட்கள் அபராதத்தைக் கட்டப் போய்விட்டார்கள். முதலாளி பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து, வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். ஏதோ எல்லைத் தகராறு. ஷாஹினா, “வாம்மா போவோம்” என்றாள்.

பதருன்னிசா போகவில்லை. நேராக நடந்து, சுடலைக்குமார் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிர்ப்புறம், சுவரோரத்து பெஞ்சில் அவர் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். அவர் போனை எடுத்தார். டவாலி வந்து உள்ளே வைக்கச் சொன்னார். ஜன்னலைப் பார்த்தார். மேலே பார்த்தார். எங்கே பார்த்தாலும் கடைசியில் கண் வந்து விழுகிற இடத்தில் அவள் இருந்தாள். செண்பகராஜ் வாசலில் பிளாஸ்கோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் நின்றான்.

கடைசியில் சுடலைக்குமார்தான் தணிந்த குரலில் கேட்டார். “என்னம்மா வேணும் உங்களுக்கு? எதுக்கு இங்கன உக்காந்திருக்கீய?”

“ஒண்ணும் வேண்டாம் முதலாளி. நீங்க இருங்க. நானும் இருக்கேன்.”

 சுடலைக்குமார் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போய்த் திரும்பினார்கள். அவள் எழவில்லை. லுஹர் தொழுகைக்கான பாங்கு எங்கோ கேட்டது. உட்கார்ந்த இடத்திலேயே உதடு அசைத்துத் தொழுதாள். வெயில் ஜன்னல் மாறி விழுந்தது. நீதிபதி எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள், சுடலைக்குமார் விடுதலையானார். வாசலில் கார் தயாராக நின்றது.

பதருன்னிசா வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் தங்கச்சாமி நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்தே நின்றிருக்கிறார் போல, முகம் வெயிலில் கருகியிருந்தது. பாண்டிராஜைக் காணவில்லை. அவள் தாண்டிப் போகும்போது, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“எதுக்குத் தாயி சாயங்காலம் வரைக்கும் உள்ள இருந்த?”

பதருன்னிசா நின்றாள்.

“பாண்டிச்செல்விக்கும் யாராவது இருக்கணும்ல அண்ணாச்சி. நீங்க உள்ள வரலியே.”